அரை இறாத்தல் சூடு

சல்மா உம்மாவின் இடது காலில் கடைசி இரண்டு விரல்கள் இல்லை. ஜோர்தானில் இரண்டு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தபோது ரேடியோ கொண்டுவந்தாள், பூப்போட்ட கம்பளம் கொண்டுவந்தாள், மகளின் காதுக்குத் தங்கம் கொண்டுவந்தாள். விரல் இரண்டையும் மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். யாராவது கேட்டால், "பனி கா. பனி தின்டிட்டு" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் கதைக்கமாட்டாள். வெறுங்காலோடு மொட்டை மாடி கழுவியிருப்பாள் என்று ஊர் தானாகவே மீதியைச் சொல்லிக்கொண்டது. மீதியைச் சொல்ல நம் ஊருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் தெரிந்துதான் பக்கத்து வளவு நதீராவும் ஜோர்தானுக்குப் பெயர் கொடுத்தாள்.

அவள் வீட்டுக்குக் கூரையே இல்லை என்று சொல்ல முடியாது. தென்னோலைக் கிடுகு இருந்தது, ஓடுதான் இல்லை. எழுபத்தெட்டுக் கார்த்திகைச் சூறாவளி ஓடுகளையும் அள்ளிக் கூரை வளைகளையும் முறித்துப் போட்டுவிட்டுப் போய் நாலு வருடம். ஒவ்வொரு மாரியிலும் ஐந்து வயது மகள் சுஹறாவைத் தூக்கிக்கொண்டு ஒழுகாத மூலை தேடுவதே நதீராவுக்கு வேலையாகிவிட்டது. பிள்ளைக்கு நெஞ்சுச் சளி வேறு. புருசன் ஜவுபர் கடற்கரை ஐஸ் பெக்டரியில் பதினொரு வருடமாக ஐஸ் தூக்குகிறான். அந்த உழைப்பு சோற்றுக்குச் சரி, ஓட்டுக்குக் காணாது. "ரெண்டு வருசம்தானே. கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள பெய்த்திரும்" என்று சொன்னது அவள்தான். சொன்ன நாளிலிருந்து அவளுக்குக் கண்ணை மூடவே பயமாக இருந்தது.

நிந்தவூரிலிருந்து வந்த ஏஜென்ட் முகைதீன்பாவா அந்தப் பயத்துக்கு எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனான். "மலைக்கு மேல வீடாம் தங்கச்சி. நீ போற தை மாசத்தில பனி கொட்டுமாம். நல்ல கூதல் சட்டை ஒண்டு கொண்டு போ. பேக் பதினஞ்சு இறாத்தலுக்கு மேல ஏலா, அதையும் பாத்துக்க" என்றான். அவன் பஸ் ஏறிப் போய்விட்டான். நதீரா கிணற்றடியில் கால் கழுவும்போதெல்லாம் விரல்களை எண்ணத் தொடங்கினாள். ஐந்தும் ஐந்தும் பத்து. எண்ணி முடித்ததும் திரும்ப முதலிலிருந்து எண்ணுவாள்.

கல்முனையில் கூதல் என்றால் மார்கழி மாரியில் சுபஹுத் தொழுகைக்கு எழும்பும்போது உடம்பைக் குறுக்குமே, அந்தக் காற்று. ஒரு சாரனைக் கழுத்துவரை இழுத்துவிட்டால் அதன் கதை முடிந்தது. இந்த ஊரில் பிறந்தவள், பனி கொட்டும் மலைக்கு எந்தச் சட்டை பொருந்தும் என்று யாரிடம் போய்க் கேட்பாள்? சல்மா உம்மாவிடம் கேட்டுப் பார்த்தாள். "எத போட்டாலும் ஒண்டுதான்" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வளவு கூட்டப் போய்விட்டாள். நதீராவுக்கு இன்னும் பயம் கூடியதுதான் மிச்சம்.

சந்தைக்குப் பின்னால் கச்சிமுகம்மது காக்காவின் கடை. கடை என்றால் நாலு கம்பும் ஒரு தறப்பாளும். கொழும்பிலிருந்து பழைய உடுப்பு மூட்டை இறக்கி, அவிழ்த்துக் கொட்டி, கருவாடு விற்பதுபோலத் தராசில் போட்டு இறாத்தல் கணக்கில் விற்பான். வெள்ளைக்காரன் கழற்றிப் போட்ட கோட்டு இந்த வெயில் ஊரில் யாருக்கு என்று கேட்காதீர்கள். இறக்காமத்துப் பக்கம் வேளாண்மைக் காவலுக்குப் போகிறவர்கள் யானைக்குப் பயந்து மரத்தில் பரண் கட்டிக் குந்தியிருப்பார்கள். பனிக்கு அவர்களுக்குக் கோட்டு வேண்டும், அதுவும் பாரமான கோட்டு. பாரம்தான் சூடு என்பது அவர்கள் நம்பிக்கை. கச்சிமுகம்மதுவும் அதைத்தான் நம்பினான். பாரம் கூடினால் அவனுக்கு நட்டமா என்ன?

"இத பாரு புள்ள, ஏழு இறாத்தல்" என்று ஒரு பச்சைக் கோட்டைத் தராசில் போட்டான். தட்டு டொக்கென்று நிலத்தில் இடித்தது. "இத போட்டா யானை முட்டினாலும் நோகாது."

"பேக்கில அரைவாசிய இதுவே தின்டிரும் காக்கா" என்றாள் நதீரா. ஆனால் கை கோட்டை விடவில்லை. ஏழு இறாத்தல் கனம் மடியில் கிடந்தபோது பயம் ஏழு இறாத்தல் குறைந்த மாதிரி இருந்தது.

அடுத்தது ஒரு சிவப்புச் சுவெட்டர். மொத்தமாகத் தடித்த நூலில் பின்னியது, இரண்டு இறாத்தல். மூன்றாவது அவன் காட்டியதல்ல. கோட்டின் கைக்குள் சுருண்டு கிடந்து தானாக விழுந்தது. சாம்பல் நிறம், முழங்கையில் பூச்சி அரித்த ஒரு ஓட்டை, உள்ளங்கையில் அடங்கிவிடும்போல மெல்லியது. தராசில் போட்டபோது தட்டு அசைந்துவிட்டுப் பேசாமல் இருந்தது. கால் கிலோகூட வராத அரை இறாத்தல் படிக்கல்லுக்கே அது திணறியது.

நதீரா எட்டாம் வகுப்புவரை படித்தவள். கழுத்துப் பட்டியிலிருந்த ஆங்கில எழுத்தைக் கூட்டிப் பார்த்தாள். "காஷ்மீர் என்டு கிடக்கு காக்கா."

"ஓம், ஓம். ஏதோ மலை ஆட்டுர அடி உரோமமாம். கொழும்பில அத பெருசாச் சொல்லுவானுகள். இதில என்ன கிடக்கு, ஊதினாப் பறக்கும். ஆடு என்டா ஹலால்தானே, பயப்படாம மகளுக்குப் போடு."

நதீரா அதற்குள் கையை விட்டுப் பார்த்தாள். சற்று நேரத்தில் யாரோ அவள் கையைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. வெளியே எடுத்தாள். வெயில் ஊரில் எதற்குள் கையை விட்டாலும் சுடத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டாள்.

கூட வந்திருந்த ஜவுபர், "மூண்டையும் தாங்க காக்கா. பாத்திட்டு ஒண்ட எடுக்கிறம்" என்றான்.

"எங்க கொண்டு போய்ப் பாக்கப் போற? நுவரெலியா மலைக்கா?"

"ஐஸ் பெக்டரிக்கு" என்றான் ஜவுபர்.

கச்சிமுகம்மது சிரித்தான். பிறகு யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். குளிரென்று சொல்ல இந்த ஊரில் இருந்தது அந்த ஓர் அறைதான்.

ஆண்கள் வெற்றுடம்போடு வேலை செய்யும் இடத்துக்கு ஒரு பெண்பிள்ளை எப்படிப் போவது? அதற்கும் ஜவுபரிடம் வழி இருந்தது. வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குக் குளிக்கப் போய்விடுவார்கள். சாவி ஜவுபரிடம். கடைசியாகப் போகிறவனும் அவன்தான். சுஹறாவை சல்மா உம்மாவிடம் விட்டுவிட்டு, முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு கடற்கரைப் பக்கத்து வேலி வழியாக நதீரா வந்தாள்.

சாவியை முதலாளி ஜவுபரிடம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. பதினொரு வருடத்தில் அவன் ஐஸ் அறைக் கதவை ஒருநாளும் திறந்தபடி விட்டதில்லை. வெளியே வந்தால் வலது கை கொண்டியைப் போடும், இடது கை விளக்கை அணைக்கும். அவன் வேறு யாரோடாவது கதைத்துக்கொண்டிருப்பான், கைகள் தம் பாட்டில் வேலையைப் பார்க்கும். தெருவால் போனால் அடுத்த வீட்டுப் படலையையும் சாத்திவிட்டுப் போகிற ஆள். "இவர செத்த பொறகு சந்தூக்கில வெச்சாலும் மூடிய இவரே இழுத்துச் சாத்துவாரு" என்று நதீரா பகிடி பண்ணுவாள். அந்தப் பகிடியை அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் சொன்னதில்லை.

அறைக் கதவு ஒரு சாண் மொத்தம், உள்ளே தக்கை அடைத்தது. திறந்ததும் வெள்ளைப் புகை காலைச் சுற்றியது. பிரேதம் அளவு நீள ஐஸ் கட்டிகள் சுவரோடு அடுக்கியிருந்தன. ஒரு மூலையில் ஐஸ் மூட வைத்திருந்த உமிச் சாக்குகள். கூரையில் ஒரு மஞ்சள் விளக்கு. உள்ளே கால் வைத்ததும் நதீராவின் மூக்குக்குள் ஏதோ குத்தியது.

முதலில் பச்சைக் கோட்டு. ஜவுபர் வெளியே கையில் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். நதீரா சும்மா நிற்கவில்லை. ஈர்க்கில் கட்டை ஒன்றை எடுத்துக் குனிந்து தரையைக் கூட்டினாள். "அங்க நான் நிக்கவா போறன்? தரை கழுவத்தானே போறன்" என்றாள். நின்றால் கோட்டு சுட்டது. குனிந்தால் தோளைப் பிடித்து நிலத்துக்கு இழுத்தது. விளிம்பு ஈரத் தரையில் பட்டுத் தண்ணீரை உறிஞ்சி, பத்து நிமிடத்தில் ஏழு இறாத்தல் எட்டாகிவிட்டது. ஈரம் தொடைவரை ஏறியபோது அவள் வெளியே வந்துவிட்டாள். சிவப்புச் சுவெட்டர் கண்ணுக்குத்தான் மொத்தம். குனிந்து நிமிர்ந்ததும் வேர்த்தது, வேர்த்ததும் பின்னல் கண்களுக்குள்ளால் குளிர் ஊசி ஊசியாக இறங்கியது.

அப்போது பள்ளிவாசலில் முதல் பாங்கு சொன்னார்கள்.

"மூண்டாவதையும் பாத்திரு, கெதியா. நான் தொழுகைக்கு வுழூ எடுக்கிறன்" என்றான் ஜவுபர்.

நதீரா சாம்பல் சட்டையை ரவிக்கைக்கு மேல் போட்டு, சீலையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். கோட்டும் சுவெட்டரும் வெளியே ஆணியில் தொங்கின. கதவு இரண்டு விரல் இடைவெளியில் திறந்திருந்தது. அந்த இடைவெளியால் குழாயில் தண்ணீர் விழும் சத்தமும், ஜவுபர் வாய் கொப்பளிக்கும் சத்தமும் கேட்டன. சட்டை ஒன்றும் செய்யவில்லை என்றுதான் முதலில் நினைத்தாள். கச்சிமுகம்மது காக்கா சொன்னது சரி, இது பிள்ளைக்குத்தான்.

குழாய் நின்றது. கடற்காற்றோடு இரண்டாம் பாங்கு வந்தது. கதவடிக்குச் செருப்புச் சத்தம் வந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் வருகிறார் என்று நதீரா திரும்பினாள்.

இடைவெளி மூடிக்கொண்டது. கொண்டி விழுந்தது. விளக்கு அணைந்தது.

பகிடி பண்ணுகிறார் என்று நினைத்தாள். "இஞ்ச பாருங்க" என்றாள் சிரித்துக்கொண்டே. செருப்புச் சத்தம் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் அவளுக்கு விளங்கியது. வெள்ளிக்கிழமை இந்தக் கதவடியில் வுழூ எடுத்தால் அடுத்தது கொண்டி, அதற்கடுத்தது விளக்கு, அதற்கடுத்தது பள்ளி. பதினொரு வருடமாக அவன் கை படித்த பாடம் அது. கை தன் வேலையைச் செய்துவிட்டது, ஆள் பள்ளிக்குப் போய்விட்டான்.

கதவைக் கையால் குத்தினாள், செருப்பைக் கழற்றி அடித்தாள், தொண்டை கிழியக் கூப்பிட்டாள். ஒரு சாண் தக்கை எல்லாவற்றையும் விழுங்கியது. உள்பக்கத்தில் பிடி இருக்கிறதா என்று இருட்டில் தடவினாள். வழுவழுத்த தகரம்தான் கையில் பட்டது. இந்த அறைக்குள் மனிதன் இருப்பான் என்று நினைத்து யாரும் கதவு செய்யவில்லை. வெளியே ஊர் முழுக்க ஆண்கள் பள்ளியில், பெண்கள் அடுப்படியில். அவள் இங்கே வந்தது சல்மா உம்மாவுக்குக்கூடத் தெரியாது. கடைக்கு என்றுதான் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

கத்திக் கத்தி வேர்த்தது. வேர்த்தது ஆறினால் என்ன ஆகும் என்று சற்றுமுன் சிவப்புச் சுவெட்டர் காட்டிக்கொடுத்திருந்ததால் கத்துவதை நிறுத்தினாள். இனி வேர்வை குளிர்ந்து முதுகில் பரவும், அதோடு முடிந்தது என்று காத்திருந்தாள். முதுகு குளிரவில்லை. முதுகில் சட்டை காய்ந்து இளஞ்சூடாக ஒட்டிக்கொண்டிருந்தது. நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள், சூடு. அக்குளில் கை வைத்தாள், சூடு. யா அல்லாஹ், இந்த அரை இறாத்தலுக்குள் எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் இதை என்று நினைத்தாள்.

ஆனால் கால்? ஈரச் செருப்புக்குள் கால் தன்னுடையதாகவே இல்லை. விரலை அசைத்தாள், அசைகிறதா இல்லையா என்று தெரியவில்லை. குனிந்து கையால் எண்ணினாள். ஐந்து. மற்றக் காலில் நான்குதான் இருந்தது. திரும்ப எண்ணினாள். ஐந்து. இருட்டில் பயம் ஒரு விரலைத் தின்றுவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தது.

தடவித் தடவி உமிச் சாக்கைக் கண்டுபிடித்து ஏறிக் குந்தினாள். செருப்பை உதறினாள். முழங்காலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாம்பல் சட்டையின் விளிம்பைப் பிடித்துக் கீழே இழுத்தாள். கிழிந்துவிடும் என்று நினைத்தாள். அது கிழியவில்லை. முழங்காலைத் தாண்டி வந்தது, கணுக்காலைத் தாண்டி வந்தது, கடைசியில் இரண்டு பாதத்தையும் உள்ளே வாங்கிக்கொண்டது. ஏழு இறாத்தல் கோட்டு இதைச் செய்யுமா? கோழி முட்டையில் குந்திய மாதிரி அவள் தன் கால் மேலேயே குந்தியிருந்தாள். நெஞ்சின் சூடு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. விரல்கள் வலிக்கத் தொடங்கின. வலி வந்ததும் அழுதாள். வலிக்கிற விரல் உயிரோடிருக்கிற விரல்.

தெரிந்த சூறாக்களையெல்லாம் ஓதினாள். ஓதி முடிந்ததும் சுஹறாவின் சட்டைகளை எண்ணினாள், கூரையில் ஒழுகுகிற இடங்களை எண்ணினாள். பதினாலு. அந்தப் பதினாலு ஓட்டைக்காகத்தானே இதெல்லாம். எத்தனை நேரம் போனது? குத்பா தொடங்கியிருக்குமா, முடிந்திருக்குமா? இன்றைக்கு லெவ்வை பிரசங்கத்தை நீட்டினால்? தொழுது முடிந்தும் புருசனுக்கு நினைவு வராவிட்டால்? சந்தியில் நின்று கதைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சோறு கேட்டால்? நித்திரை வந்தது. பனியில் நித்திரை வந்தால் ஆள் முடிந்தது என்று எங்கோ கேட்டது நினைவுக்கு வந்து கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள்.

இந்த அறைக்குள்தான் ஜவுபர் பனியனும் தோளில் ஒரு சாக்கும் போட்டுக்கொண்டு பதினொரு வருடமாகப் போய் வருகிறான். கூதலா என்று ஒருநாளும் அவள் கேட்டதில்லை. அவனுக்குப் பயம் இல்லாதது ஏன் என்று இப்போது விளங்கியது. அவன் உள்ளே போகும்போது வெளியே எப்போதும் ஆள் இருக்கிறது. குளிர்தான் பயம் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். இப்போது குளிர் சட்டைக்கு வெளியே நிற்கிறது, பயம் சட்டைக்கு உள்ளே இருக்கிறது. அந்த மலை வீட்டில் வெளியே ஆர் இருப்பா?

கொண்டி தூக்கும் சத்தம் கேட்டதும் அவளால் எழும்ப முடியவில்லை. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. ஜவுபர் வாசலில் நின்றான். தொப்பி இல்லை, காலில் செருப்பு இல்லை. "நதீரா" என்று உள்ளே கூப்பிட்டான். உமிச் சாக்கின் மேல் தலை மட்டும் தெரிய ஒரு சாம்பல் மூட்டை இருந்தது. அவன் அதை அப்படியே அள்ளிக்கொண்டு போய் வெயில் மணலில் வைத்தான்.

அவள் கையைப் பிடித்தான். அவள் கையைவிட அவன் கைதான் குளிர்ந்திருந்தது.

"சுஜூதில கா" என்றான், மூச்சு வாங்கிக்கொண்டு. "நெத்தி பள்ளித் தரையில பட்டிச்சி. சில்லென்டு இரிந்திச்சி. அந்த நேரம்தான் என்ட புத்தியில பட்டிச்சி. நான் எழும்பின விசயம் அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். சனத்துக்கு மேலால பாஞ்சி ஓடி வாறன்."

ஜும்ஆவில் இமாம் சுஜூதில் கிடக்க ஒருவன் எழும்பி ஓடினால் ஊர் விடுமா? ஜவுபருக்கு வயிற்றாலடி, வயிறு கழிகிறது என்று அன்று அஸர் தொழுகைக்குள் முடிவுகட்டிவிட்டார்கள். அவனும் மறுக்கவில்லை. பெண்சாதியை ஐஸ் அறையில் போட்டுப் பூட்டினேன் என்று சொல்வதைவிட வயிற்றாலடி மரியாதை.

"நீ போக வேணாம்" என்றான் அவன் மணலில் குந்திக்கொண்டு. "ஓடும் வேணாம், ஒண்டும் வேணாம். இந்தக் குளிருக்குள்ள ஒன்ன அனுப்ப ஏலா எனக்கு."

"குளிர் என்ன ஒண்டும் செய்யல்ல" என்றாள் நதீரா. சட்டையிலிருந்து கால்களை வெளியே எடுத்து வெயிலில் நீட்டினாள். சிவந்து வீங்கியிருந்தன. பத்தும் இருந்தன. "எனக்கு வேற ஒரு கேள்வி இரிக்கி. அத கேட்டிட்டுச் சொல்றன்."

அந்தச் சட்டையோடேயே நேரே சல்மா உம்மாவின் வளவுக்குப் போனாள். சுஹறா கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டிருந்தாள். சல்மா உம்மா படியில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ராத்தா" என்றாள் நதீரா. "ஒங்கட விரல் போன அண்டைக்கு, கதவு வெளியால பூட்டியா இரிந்திச்சி?"

கத்தி நின்றது. சல்மா உம்மா தலையைத் தூக்கி அவளையும் அவள் காலையும் பார்த்தாள்.

"ஓம்" என்றாள்.

மீனைச் சட்டிக்குள் போட்டாள். கையைக் கழுவினாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள். "மாடில உடுப்பு எடுக்கப் போனன். மேடம் கீழால வந்தா, மாடிக் கதவு தொறந்து கிடந்திச்சி, கொண்டியப் போட்டா. போட்டிட்டு அவட தங்கச்சி வீட்டுக்குப் பெய்த்தா. வேணுமென்டு செய்யல்ல கா, அவ நல்ல மனிசி. கை பழக்கம். ராவு இசாத் தொழுகைக்குத்தான் வந்தா. நான் கோட்டுப் போட்டுத்தான் இரிந்தன். நல்ல மொத்தக் கோட்டு."

"ஏன் ராத்தா ஆருக்கும் சொல்லல்ல?"

"சொன்னா என்ட மனிசன் என்னத் திரும்ப விடுவாரா?" சல்மா உம்மா காதில் தங்கம் ஆட ஓடித் திரிந்த தன் மகளைக் கண்ணால் காட்டினாள். "அவளுக்கு வீடு வளவு குடுக்காம ஆரு கலியாணம் முடிக்கப் போறா? மாசி மாசம் எனக்கு விசா வருது. அந்த வீட்டுக்குத்தான்."

இரண்டு விரலைக் கொடுத்த வாசலுக்கே இவள் மற்ற எட்டையும் எடுத்துக்கொண்டு போகப்போகிறாள்.

திங்கட்கிழமை முகைதீன்பாவா கடுதாசிகளோடு வந்தான். நதீரா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்த வீட்டுக் கதவுகள ரெண்டு பக்கத்தாலயும் தொறக்க ஏலுமா?"

"என்ன கேள்வி இது? சம்பளத்தக் கேப்பாங்க, சாப்பாட்டக் கேப்பாங்க, கதவ ஆரும் கேட்டதில்ல தங்கச்சி" என்றான் அவன்.

"அப்ப நான் வரல்ல" என்றாள் அவள். முகைதீன்பாவா குதித்தான், ஏசினான், ஜவுபரைப் பார்த்து நியாயம் கேட்டான். ஜவுபர் கிடுகு முடைந்துகொண்டிருந்தான், தலையைக்கூடத் தூக்கவில்லை. ஏஜென்ட் போய்விட்டான். அன்று பின்னேரம் மழை பெய்தது, கூரை பதினாலு இடத்திலும் ஒழுகியது. நதீராவுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சட்டிகளை எடுத்து வைத்தாள்.

ஐஸ் அறைக் கதவுக்கு உள்பக்கத்தில், உள்ளிருந்தே கொண்டியைத் தூக்க, ஜவுபர் முதலாளியிடம் கேட்காமலே ஒரு இரும்புப் பிடி போட்டான். பச்சைக் கோட்டும் சிவப்புச் சுவெட்டரும் கச்சிமுகம்மதுவிடம் திரும்பிப் போயின. சாம்பல் சட்டையைத்தான் எடுக்கிறோம் என்றதும் அவனுக்குத் தராசைத் தூக்கவே வெட்கமாகப் போயிற்று. "போகாதவளுக்குக் கூதல் சட்டை எதுக்குப் புள்ள?" என்று கேட்டான். நதீரா காசை எண்ணிக் கொடுத்தாள்.

வீட்டில் முழங்கை ஓட்டையை நூலால் இழுத்துத் தைத்தாள். மழை விட்டதும் அதை மடித்து எடுத்துக்கொண்டு சல்மா உம்மாவிடம் போனாள். "போடுங்க ராத்தா" என்றாள்.

"பாரமே இல்லையே கா" என்றாள் சல்மா உம்மா, கையில் ஏந்திப் பார்த்து. "இது என்ன செய்யப் போகுது?"

"போட்டிட்டுக் குந்துங்க. முழங்கால நெஞ்சோட சேத்துப் புடிங்க. இனி விளிம்ப இழுங்க. பயப்படாம இழுங்க, கிழியாது. இன்னம் கொஞ்சம். கதவு தொறக்கும்வரை இப்பிடியே இரிக்கணும், நித்திரை வந்தாலும் விடப்படா."

சல்மா உம்மா பாயில் குந்தி, சொன்னபடி இழுத்தாள். சாம்பல் சட்டை முழங்காலைத் தாண்டி, கணுக்காலைத் தாண்டிக் கீழே வந்தது. நதீரா குனிந்து அவள் பாதங்களைக் கையால் ஏந்தி ஒவ்வொரு விரலாக உள்ளே தள்ளினாள். வலது காலில் ஐந்து, இடது காலில் மூன்று. எட்டும் உள்ளே போயின.